விளிம்புத் தூண்டல் குறுக்கீடு

விளிம்புத் தூண்டல் குறுக்கீடு என்பது எண்ணிம உள்ளீட்டு முனை ஒன்றின் மின்னழுத்தம் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறும் கணத்தைக் கண்டறிந்து, செயலி செய்துகொண்டிருக்கும் பணியை இடைநிறுத்தி, குறித்த ஒரு நிரல்கூறை இயக்க வைக்கும் முறை ஆகும். தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு மாறுவது ஏறு விளிம்பு என்றும், உயர்நிலையிலிருந்து தாழ்நிலைக்கு மாறுவது இறங்கு விளிம்பு என்றும் அழைக்கப்படும். அழுத்தும் பொத்தான், காந்த உணரி, சுழல் குறியாக்கி, நீர்ப்பாய்வு மானி, மழைமானி போன்ற கருவிகளை நுண்கட்டுப்படுத்தியுடன் இணைக்கையில் இம்முறை பரவலாகப் பயன்படுகிறது.

இதனை அமைப்பது பார்வைக்கு எளிது. பெரும்பாலான நுண்கட்டுப்படுத்திகளில் இரண்டு மூன்று பிட்டுகளை எழுதினால் போதும். ஆனால் விளிம்பு என்பது ஒரு கணநேர நிகழ்வு. அதனைத் தவறவிட்டால் அது மீண்டும் வராது. இம்முறையில் எழும் வழுக்களில் பெரும்பாலானவை இந்த ஒரு பண்பிலிருந்தே தோன்றுகின்றன.

விளிம்பும் மட்டமும்

குறுக்கீட்டு உள்ளீடுகள் இரு வகைப்படும். மட்டத் தூண்டல் முறையில், முனை குறித்த மட்டத்தில் இருக்கும் காலம் முழுவதும் கோரிக்கை உயிருடன் இருக்கும். கோரிக்கையை எழுப்பிய கருவியைச் சேவை நிரல்கூறு அமைதிப்படுத்தாமல் திரும்பினால், செயலி உடனே மீண்டும் அதே நிரல்கூறுக்குள் நுழையும். விளிம்புத் தூண்டல் முறையில் மாற்றம் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும். மாறிய பின்னர் முனை எவ்வளவு நேரம் அதே நிலையில் இருந்தாலும் இரண்டாவது கோரிக்கை எழாது.

வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருப்பது மட்டம். அவர் கதவை ஒருமுறை தட்டுவது விளிம்பு. நிற்பவரை எப்போது எட்டிப் பார்த்தாலும் காணலாம். தட்டிய ஓசையைக் கேட்காதவருக்கு யாரும் வந்ததாகவே தெரியாது. எனவே மட்டத் தூண்டலில் நேரும் பிழை முடிவில்லாத குறுக்கீட்டு வெள்ளமாக உடனே வெளிப்பட்டுவிடும். விளிம்புத் தூண்டலில் நேரும் பிழையோ ஓசையின்றி நிகழும். வாரக்கணக்கில் ஒழுங்காக ஓடிய கருவி ஒருநாள் காரணம் தெரியாமல் நின்றுபோகும்.

வன்பொருள் விளிம்பை அறியும் விதம்

பெரும்பாலான நுண்கட்டுப்படுத்திகள் முனையின் நிலையை ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் பதிந்துகொள்கின்றன. தற்போதைய மாதிரி 1 ஆகவும் முந்தைய மாதிரி 0 ஆகவும் இருந்தால் அது ஏறு விளிம்பு. மாறாக இருந்தால் இறங்கு விளிம்பு. வெளியுலகச் சைகை செயலியின் கடிகாரத்துடன் ஒத்திசைவதில்லை ஆதலால், ஒப்பிடுவதற்கு முன்னர் அது பொதுவாக இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்கள் வழியாகச் செலுத்தப்படும். விளிம்பு கண்டறியப்பட்டதும் நிலுவைக் கொடி எனப்படும் ஒரு பிட் 1 ஆக்கப்பட்டு, செயலி கவனிக்கும் வரை அது அப்படியே இருக்கும்.

இந்நிலுவைக் கொடி ஒரு பிட் மட்டுமே என்பது முக்கியமானது. செயலி வேறு வேலையில் இருக்கும்போது ஒரு விளிம்பு வந்தாலும் ஐந்து விளிம்புகள் வந்தாலும் கொடி 1 என்றே இருக்கும். கொடி, 'ஏதோ நிகழ்ந்தது' என்று சொல்லும். 'எத்தனை முறை' என்று சொல்லாது.

மாதிரி எடுக்கும் வேகமும் ஒரு வரம்பை விதிக்கிறது. 1980இல் இன்டெல் வெளியிட்ட 8051 நுண்கட்டுப்படுத்தி, முனையை ஒரு பொறிச் சுழற்சிக்கு ஒருமுறை மட்டுமே பார்க்கிறது. மூல வடிவமைப்பில் ஒரு பொறிச் சுழற்சி 12 கடிகாரத் துடிப்புகளைக் கொண்டது. 12 மெகாஹெர்ட்சு படிகத்துடன் அது 1 மைக்ரோவினாடி ஆகும். ஆகவே இறங்கு விளிம்பு உறுதியாக அறியப்பட வேண்டுமானால், முனை குறைந்தது ஒரு சுழற்சி உயர்நிலையிலும் அதையடுத்துக் குறைந்தது ஒரு சுழற்சி தாழ்நிலையிலும் இருக்க வேண்டும். அதைவிடக் குறுகிய துடிப்பு அகப்படலாம், அகப்படாமலும் போகலாம்.

சில செயலிகளின் அமைப்பு

1976இல் வெளியான 8085 நுண்செயலியில் இவ்வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும். இதன் ஆர்எஸ்டி 7.5 முனை ஏறு விளிம்பை ஏற்கும், ஆர்எஸ்டி 6.5, ஆர்எஸ்டி 5.5 ஆகியவை உயர்மட்டத்தை ஏற்கும். மறைக்க இயலாத டிராப் முனைக்கு விளிம்பும் வேண்டும், அதன் பின் மட்டமும் நீடிக்க வேண்டும். மின் இரைச்சலால் பொய்க் குறுக்கீடு எழாதிருக்கவே இந்த இரட்டை நிபந்தனை. ஆர்எஸ்டி 7.5க்கென உள்ளே ஒரு ஃபிளிப்-ஃபிளாப் உள்ளது. குறுக்கீடு மறைக்கப்பட்டிருக்கும்போதும் அது விளிம்பை நினைவில் வைத்திருக்கும். எனவே மறைப்பை நீக்கும் முன்னர் பழைய நினைவை அழிப்பது நல்லது. சிம் கட்டளையின் நான்காம் பிட் இதற்கானது. திரட்டியில் 00011011 என்ற இரும எண்ணை இட்டுச் சிம் கட்டளையை இயக்கினால், பழைய விளிம்பு அழிந்து, 7.5 திறந்து, 6.5உம் 5.5உம் மூடப்படும். அதன்பின் இஐ கட்டளை கொடுக்க வேண்டும்.

8051இல் டிகான் பதிவகத்தின் ஐடி0 பிட்டை 1 ஆக்கினால் ஐஎன்டி0 முனை இறங்கு விளிம்பிலும், 0 ஆக விட்டால் தாழ்மட்டத்திலும் தூண்டப்படும். பின்னர் ஐஇ பதிவகத்தில் இஎக்ஸ்0, இஏ ஆகிய இரு பிட்டுகளையும் 1 ஆக்க வேண்டும். மீளமைப்பின்போது ஐடி0 பிட் 0 ஆகவே இருக்கும். அதாவது எதையும் எழுதாமல் விட்டால் கிடைப்பது மட்டத் தூண்டல். ஒருமுறை அழுத்திய பொத்தானுக்கு எண்ணி ஆயிரக்கணக்கில் ஏறுவதைக் கண்டு திகைக்கும் மாணவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தப் பிட்தான்.

ஆர்டுயினோ ஊனோ பலகையில் உள்ள ஏடிமெகா328பி நுண்கட்டுப்படுத்தியில் ஒவ்வொரு வெளிக் குறுக்கீட்டுக்கும் இரண்டு பிட்டுகள் உள்ளன. 00 எனில் தாழ்மட்டம், 01 எனில் எந்த மாற்றமும், 10 எனில் இறங்கு விளிம்பு, 11 எனில் ஏறு விளிம்பு. ஐஎன்டி0, ஐஎன்டி1 ஆகிய இவ்விரண்டும் பலகையில் 2, 3 என எண்ணிட்ட முனைகளில் அமைந்துள்ளன.

எஸ்டிஎம்32எஃப்103 போன்ற 32 பிட் கட்டுப்படுத்திகளில் ஏறு விளிம்புக்கு ஒரு பதிவகமும் இறங்கு விளிம்புக்கு மற்றொரு பதிவகமும் தனித்தனியே உள்ளன. இரண்டிலும் 1 எழுதினால் இரு விளிம்புகளும் பிடிபடும். முனைகள் பல இருந்தாலும் அவற்றுக்கான குறுக்கீட்டுத் தடங்கள் 16 மட்டுமே. ஏ துறையின் 0ஆம் முனை, பி துறையின் 0ஆம் முனை, சி துறையின் 0ஆம் முனை ஆகிய அனைத்தும் தடம் 0ஐயே நாடுவதால், அவற்றுள் ஒன்று மட்டுமே ஒரு நேரத்தில் குறுக்கீடு எழுப்ப முடியும். சுற்றுப்பலகையை வரைந்து முடித்த பின்னர் இதனைக் கண்டறிவது செலவு மிக்கது. மேலும் 0 முதல் 4 வரையிலான தடங்களுக்குத் தனித்தனிச் சேவை நிரல்கூறுகள் உண்டு. 5 முதல் 9 வரை ஒன்றும், 10 முதல் 15 வரை ஒன்றும் பொதுவானவை. பொதுவான நிரல்கூறு எந்தத் தடம் தன்னை அழைத்தது என்பதை நிலுவைப் பதிவகத்தைப் பார்த்தே அறிய வேண்டும். துறையைத் தேர்ந்தெடுக்கும் பதிவகத்திற்குக் கடிகாரம் வழங்க மறந்தால், எழுதியது எதுவும் பதியாது; பிழைச் செய்தியும் வராது.

அமைக்கும் வரிசை

பிட்டுகளை எழுதும் வரிசை விளைவைப் பாதிக்கும். தூண்டல் வகையை மாற்றும் செயலே ஒரு பொய் விளிம்பை உண்டாக்கக்கூடும். ஆகவே முதலில் அந்தக் குறுக்கீட்டை மூடி, முனையை உள்ளீடாக்கி, இழுப்பு மின்தடையத்தை இணைத்து, மின்னழுத்தம் நிலைபெறச் சற்றே பொறுத்து, தூண்டல் வகையை எழுதி, நிலுவைக் கொடியை அழித்து, அதன் பின்னரே திறக்க வேண்டும். இழுப்பு மின்தடையத்தைக் கடைசியில் இணைத்தால், மிதந்துகொண்டிருந்த முனை உயர்நிலைக்கு ஏறுவதே முதல் ஏறு விளிம்பாகப் பதிவாகிவிடும்.

திறந்த பின்னரும் ஒரு வேலை எஞ்சியுள்ளது. முனையின் நிலையை ஒருமுறை நேரடியாகப் படிக்க வேண்டும். மின்சாரம் வந்தபோதே கதவு திறந்திருந்தால், அல்லது வளிமக் கசிவு உணரி ஏற்கெனவே எச்சரித்துக்கொண்டிருந்தால், மாற்றம் எதுவும் நிகழாது. விளிம்பை மட்டும் நம்பிய நிரல் எல்லாம் நலம் என்று கருதிக் காத்திருக்கும். ஆய்வகத்தில் இது தோன்றுவதில்லை, ஏனெனில் அங்குப் பொத்தானை அழுத்திக்கொண்டே யாரும் கருவியைத் தொடக்குவதில்லை. மின்தடை நீங்கிக் கருவி தானே மீண்டும் தொடங்கும் இடங்களில்தான் தோன்றும்.

நிலுவைக் கொடியை அழிக்கும் முறையிலும் ஒரு பொறி உண்டு. ஏவிஆர், எஸ்டிஎம்32 குடும்பங்களில் கொடியை அழிக்க அதன் பிட்டில் 1 எழுத வேண்டும். 0 எழுதுவது எதையும் செய்யாது. பழக்கத்தின் காரணமாகப் பதிவகத்தைப் படித்து, தேவையான பிட்டைச் சேர்த்து, மீண்டும் எழுதினால், படித்தபோது 1 ஆக இருந்த மற்றக் கொடிகளும் சேர்ந்து அழியும். அவை காட்டிய விளிம்புகள் தொலைந்தன. குறித்த பிட் மட்டும் 1 ஆக உள்ள எண்ணை நேரடியாக எழுதுவதே சரியான முறை. அதையும் சேவை நிரல்கூறின் தொடக்கத்தில் செய்ய வேண்டும். இறுதியில் அழித்தால், வேலை நடந்துகொண்டிருந்தபோது வந்த புதிய விளிம்பும் அத்துடன் போய்விடும்.

தொடர்பு முனைத் துள்ளல்

ஆளியின் உலோகத் தொடர்புகள் மோதும்போது ஒரேயடியாக ஒட்டிக்கொள்வதில்லை. சில மில்லிவினாடிகள் துள்ளி, பலமுறை இணைந்தும் பிரிந்தும் பின்னரே அமைதியடைகின்றன. மனிதருக்கு ஓர் அழுத்தமாகத் தோன்றுவது கட்டுப்படுத்திக்குப் பத்து இறங்கு விளிம்புகளாக இருக்கலாம்.

கவிழ்தொட்டி மழைமானியை எடுத்துக்கொள்ளலாம். இதில் சிறு தொட்டி நிறைந்து கவிழும் ஒவ்வொரு முறையும் ஒரு காந்தம் நாணல் ஆளியைக் கடந்து செல்லும். ஒரு கவிழ்ப்பு 0.2 மி.மீ. மழையைக் குறிக்கும் மானியில், துள்ளலால் ஒவ்வொரு கவிழ்ப்பும் மூன்றாக எண்ணப்பட்டால் 40 மி.மீ. மழை 120 மி.மீ. எனப் பதிவாகும். எண் நம்பத்தக்கதாகவே இருப்பதால் எவரும் ஐயுறமாட்டார்கள் என்பதே இதிலுள்ள ஆபத்து.

வன்பொருளில் துள்ளலை நீக்க, மின்தடையமும் மின்தேக்கியும் கொண்ட வடிப்பி பயன்படும். 10 கிலோஓம் மின்தடையமும் 0.1 மைக்ரோஃபாரடு மின்தேக்கியும் 1 மில்லிவினாடி நேர மாறிலியைத் தரும். ஆனால் வடிப்பி விளிம்பைச் சாய்வாக்கிவிடும். சாய்வான சைகை வரம்பு மின்னழுத்தத்தை மெதுவாகக் கடக்கும்போது, சிறு இரைச்சலும் அதனை அங்கேயே பலமுறை மேலும் கீழும் ஆட்டும். எனவே வடிப்பியை அடுத்துச் சிமிட் தூண்டி ஒன்று இருத்தல் வேண்டும். ஏறுவதற்கு ஒரு வரம்பும் இறங்குவதற்கு அதைவிடத் தாழ்ந்த மற்றொரு வரம்பும் கொண்ட இச்சுற்றினை, ஓட்டோ சிமிட் என்னும் அமெரிக்க அறிவியலாளர் 1934இல் மாணவராக இருந்தபோது உருவாக்கினார். இன்றைய நுண்கட்டுப்படுத்திகள் பலவற்றின் உள்ளீட்டு முனைகளிலேயே இது அமைந்துள்ளது.

மென்பொருளில், முதல் விளிம்பின் நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த சில மில்லிவினாடிகளுக்கு வரும் விளிம்புகளைப் புறக்கணிக்கலாம். அந்த இடைவெளியை ஊகத்தால் அன்றிக் கணக்கிட்டு வைக்க வேண்டும். மேற்கூறிய மழைமானியில் மணிக்கு 200 மி.மீ. என்னும் கடும் மழையிலும் மணிக்கு 1000 கவிழ்ப்புகளே நிகழும், அதாவது 3.6 வினாடிக்கு ஒன்று. ஆகவே 50 மில்லிவினாடி புறக்கணிப்பால் உண்மையான கவிழ்ப்பு எதுவும் தவறாது. அதே 50 மில்லிவினாடியை நீர்ப்பாய்வு மானிக்கு வைத்தால், வினாடிக்கு 20 துடிப்புகளுக்கு மேல் எண்ணவே முடியாது.

எண்ணியைப் படிப்பதிலும் கவனம் தேவை. 8 பிட் செயலி ஒன்று 16 பிட் எண்ணியை இரு தவணைகளில் படிக்கிறது. எண்ணி 255இல் இருக்கும்போது கீழ்ப் பைட் படிக்கப்பட்டு, அடுத்த கணம் ஒரு விளிம்பு வந்து எண்ணி 256 ஆகி, அதன் பின் மேற் பைட் படிக்கப்பட்டால், முதன்மை நிரலுக்குக் கிடைக்கும் எண் 511. இதைத் தவிர்க்க, படிக்கும் அந்தச் சிறு பொழுதுக்குக் குறுக்கீடுகளை மூடி வைக்க வேண்டும். மூடியிருக்கும்போது வரும் விளிம்பு நிலுவைக் கொடியில் காத்திருக்கும். எனவே இழப்பு இல்லை.

பகிரப்படும் தடமும் தவறிய விளிம்பும்

1981இல் வெளிவந்த ஐபிஎம் தனிக்கணினி, 8259ஏ குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியை ஏறு விளிம்பு முறையில் பயன்படுத்தியது. அச்சில்லின் தொடக்கச் சொல்லில் ஒரு பிட்டை மாற்றியிருந்தால் மட்ட முறையும் கிடைத்திருக்கும். இத்தேர்வின் விளைவைப் பயனர்கள் நெடுங்காலம் சுமந்தனர். முதலாம், மூன்றாம் தொடர் துறைகள் இரண்டும் நான்காம் குறுக்கீட்டுத் தடத்தையே பயன்படுத்தின; சுட்டியை ஒன்றிலும் மோடத்தை மற்றொன்றிலும் இணைத்து ஒருசேர இயக்கினால் ஏதேனும் ஒன்று உறைந்துபோனது. முதல் கருவி தடத்தை உயர்த்திப் பிடித்திருக்கையில் இரண்டாம் கருவியும் உயர்த்தினால், தடத்தில் புதிய மாற்றம் எதுவும் நிகழாது. இரண்டாம் கோரிக்கை எவருக்கும் தெரியாமல் போகும்.

ஒரே கருவிக்குள்ளும் இது நிகழக்கூடும். 8250 தொடர் துறைச் சில்லுக்குள் தரவு வந்தது, தரவு அனுப்பப்பட்டது, பிழை நேர்ந்தது எனக் குறுக்கீட்டுக் காரணங்கள் பல உள்ளன. வெளியே செல்லும் தடம் ஒன்றே. சேவை நிரல்கூறு ஒரு காரணத்தை மட்டும் தீர்த்துவிட்டுத் திரும்பும்போது இன்னொன்று எழுந்திருந்தால், தடம் கீழிறங்காமல் உயர்நிலையிலேயே நிற்கும். கீழிறங்காத தடத்தில் ஏறு விளிம்பு எப்படி வரும்? அத்துறை அதன்பின் வாய் திறக்காது. எனவேதான் நன்கு எழுதப்பட்ட இயக்கிகள், குறுக்கீட்டு அடையாளப் பதிவகத்தின் கடைப் பிட் 'நிலுவை ஏதுமில்லை' என 1 காட்டும் வரை மீண்டும் மீண்டும் சுற்றி எல்லாக் காரணங்களையும் தீர்த்த பின்னரே திரும்புகின்றன. விளிம்பு முறையில் இயங்கும் எந்தக் கருவிக்கும் இவ்விதி பொருந்தும்.

1987இல் ஐபிஎம் தனது பிஎஸ்/2 கணினிகளின் மைக்ரோசேனல் பாட்டையில் மட்டத் தூண்டலுக்கு மாறியது. 1992இல் வந்த பிசிஐ பாட்டையும் பகிர்வதற்கு ஏற்றவாறு தாழ்மட்டத் தூண்டலையே தேர்ந்தது. பின்னர் வந்த செய்திவழிக் குறுக்கீடுகளில் தனித் தடமே இல்லை. கருவி குறித்த முகவரியில் ஒரு சொல்லை எழுதுகிறது. அது ஒரு நிகழ்வே என்பதால் இயல்பில் விளிம்பை ஒத்தது. ஆனால் கருவிதோறும் தனிச் செய்தி இருப்பதால் பகிர்வுச் சிக்கல் எழுவதில்லை.

தொழிலக உள்ளீடுகள்

தொழிற்சாலைகளில் உள்ளீடுகள் பொதுவாக 24 வோல்ட்டு நேர்மின்னழுத்தத்தில் இயங்குகின்றன. ஐஇசி 61131-2 செந்தரத்தின்படி வகை 1 உள்ளீட்டில் 15 வோல்ட்டும் அதற்கு மேலும் உயர்நிலை. 5 வோல்ட்டும் அதற்குக் கீழும் தாழ்நிலை. இச்சைகை பெரும்பாலும் ஒளிப்பிணைப்பி வழியாகவே கட்டுப்படுத்தியை அடையும். ஒளிப்பிணைப்பியின் வெளியீட்டில் மேலிழுப்பு மின்தடையம் இருந்தால், களத்தில் 24 வோல்ட்டு வரும்போது முனை தாழ்நிலைக்கு இறங்கும். களத்தின் ஏறு விளிம்பு, முனையில் இறங்கு விளிம்பு. இத்தலைகீழ் மாற்றத்தைக் கவனியாது அமைத்தால், பொருள் உணரியை வந்தடையும்போது எழ வேண்டிய குறுக்கீடு அது விலகும்போது எழும். எண்ணிக்கை சரியாகவே இருக்கும். நேரம் மட்டும் பிழைக்கும்.

நிரல்படு தருக்கக் கட்டுப்படுத்திகளில் உள்ளீட்டு வடிப்பி முன்கூட்டியே இயக்கப்பட்டிருக்கும். சீமென்சு எஸ்7-1200 வகையில் அதன் இயல்பு மதிப்பு 6.4 மில்லிவினாடி. ஏறு விளிம்புக்கு வன்பொருள் குறுக்கீட்டை இணைத்துவிட்டு வடிப்பியை மாற்றாமல் விட்டால், அதைவிடக் குறுகிய துடிப்புகள் குறுக்கீட்டை எட்டவே எட்டா.

பாதுகாப்பு தொடர்பான உள்ளீடுகளில் விளிம்பை மட்டும் நம்புவது தவறு. அவசர நிறுத்தப் பொத்தான் இயல்பில் மூடிய தொடர்பாகவே கம்பியிடப்படுவதால், கம்பி அறுந்தாலும் அழுத்தியதற்கு ஒப்பாகும். ஆனால் தாழ்நிலை என்னும் அந்நிலையைத் தொடர்ந்து படிக்கும் நிரலுக்கே இவ்வமைப்பு முழுப் பயன் தரும்.

லினக்சில் அமைத்தல்

லினக்சு கருவகத்தில் குறுக்கீட்டைப் பதிவு செய்யும்போது தூண்டல் வகையும் தரப்படுகிறது. ஏறு விளிம்பு 1, இறங்கு விளிம்பு 2, உயர்மட்டம் 4, தாழ்மட்டம் 8. இரு விளிம்புகளும் வேண்டுமெனில் 3. விளிம்புக் குறுக்கீடுகளுக்கான கருவகக் கையாளி, முதலில் கட்டுப்படுத்திக்கு ஒப்புகை தந்துவிட்டுப் பின்னரே இயக்கியை அழைக்கிறது. இடையில் புதிய விளிம்பு வந்தால் இயக்கி மீண்டும் ஒருமுறை அழைக்கப்படும்.

பயனர் நிரல்கள் முன்னர் சிஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில், முனைக்குரிய கோப்பு ஒன்றில் தூண்டல் வகையை எழுதிக் காத்திருந்தன. 2016இல் வெளியான 4.8ஆம் பதிப்பிலிருந்து எழுத்துருக் கருவி இடைமுகம் அதற்கு மாற்றாக வந்தது. இதில் ஒவ்வொரு விளிம்பும் நேர முத்திரையுடன் வரிசையில் சேர்க்கப்படுவதால், பயனர் நிரல் சற்றுத் தாமதித்தாலும் நிகழ்ந்த நேரம் கெடாது. 2020இல் வெளியான 5.10ஆம் பதிப்பு துள்ளல் நீக்க இடைவெளியையும் இவ்விடைமுகத்தின் வழியே அமைக்க இடமளித்தது.

பொருந்தாத இடங்கள்

வேகமான சைகைகளுக்கு இம்முறை ஏற்றதன்று. சுற்றுக்கு 1000 கோடுகள் கொண்ட சுழல் குறியாக்கி நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுழன்றால், இரு தடங்களின் எல்லா விளிம்புகளும் சேர்ந்து வினாடிக்கு 2,00,000 ஆகும். 16 மெகாஹெர்ட்சில் இயங்கும் செயலிக்கு ஒரு விளிம்புக்கு 80 துடிப்புகளே கிடைக்கும். பதிவகங்களைச் சேமித்து மீட்பதிலேயே அவற்றில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இத்தகைய இடங்களில் நேரங்காட்டிச் சுற்றில் உள்ள குறியாக்கி முறையைப் பயன்படுத்துவர். எண்ணுதல் முழுவதும் வன்பொருளிலேயே நிகழும்.

மறுகோடியில், மனித விரல் அழுத்தும் பொத்தான்களுக்கும் குறுக்கீடு பெரும்பாலும் தேவையில்லை. 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை முனையைப் படித்து, தொடர்ந்து சில முறை ஒரே நிலை காணப்பட்டால் ஏற்பது எளிது. துள்ளலும் அதிலேயே தீரும். உறக்க நிலையிலுள்ள கருவியைப் பொத்தான் எழுப்ப வேண்டும் என்றால் மட்டும் குறுக்கீடு இன்றியமையாதது. அங்கும் ஒரு வரையறை உண்டு: ஏடிமெகா8இல் ஐஎன்டி0, ஐஎன்டி1 முனைகளின் விளிம்பை அறிய உள்ளீட்டு வெளியீட்டுக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது நின்றுவிடும் ஆழ்ந்த உறக்கத்தில் தாழ்மட்டத் தூண்டலால் மட்டுமே அம்முனைகள் செயலியை எழுப்ப முடியும். விழித்தெழுந்ததும் சேவை நிரல்கூறு முதல் வேலையாக அக்குறுக்கீட்டை மூட வேண்டும், இல்லையெனில் பொத்தானிலிருந்து விரல் எடுக்கப்படும் வரை அது அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும்.